எங்கள் வார்டுக்கு வராத பெட்டிகள்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌகரியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குச் சின்ன வயதிலிருந்தே எந்தச் சளியும் காது வழியாகத்தான் நுழையும்.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதச் சொல்கிறாயே என்று உன் அத்தானுக்கு முதலில் ஒரே சிரிப்பு. "உன் தம்பி சம்பளத்துல பாதி ஸ்டாம்புக்கே போயிடும்போல" என்றார். உங்கள் கம்பெனியில் நம் நாட்டுக்காரர்களின் போனை மட்டும் வாங்கி வைத்துச் சோதிக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் டயாலிசிஸ் வார்டு நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இரண்டு அரசாங்கமும் ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரி போட்டுச் சண்டை பிடித்ததில், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் உங்கள் கம்பெனி பில்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்ததும் பில்டரைக் கழற்றி, கழுவி, மருந்து நிரப்பி, நோயாளியின் பெயரை எழுதி ஒட்டி அலமாரியில் வைக்கிறோம். அடுத்த முறை அதே பில்டர்தான். எத்தனை தடவை கழுவலாம் என்று ஒரு விதி இருந்தது. இப்போது அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. நேற்று எங்கள் நோயாளி தையல்காரம்மாவை டயாலிசிஸ் மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் குளிர் தூக்கிப் போட்டது. கட்டிலே ஆடியது. கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை.

நீ செய்கிறாய், நான் கழுவுகிறேன். நம் குடும்பத்துக்கு வாய்த்த தொழிலைப் பார்த்தாயா? ஒரு சின்னக் குழாய்க்கு அவ்வளவு விலை வைக்க உங்கள் முதலாளிகளுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

(அத்தான் எழுதுவது: மாப்பிள்ளை, இங்கே என் பஸ் பிரேக்கைத் தவிர எல்லாம் நன்றாக வேலை செய்கிறது.)


பிப்ரவரி 2

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். காது பத்திரம். அத்தான் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு வண்டியை எடுக்கட்டும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கிக்கொண்டிருந்தது. நூல் இல்லை, முடியை விட மெல்லிய குழாய். அழுக்கு வெளியே போக வேண்டும், இரத்தம் உள்ளேயே நிற்க வேண்டும். அந்த அளவுக்கு அதன் சுவரில் துளை விழ வேண்டும். கலவையின் பக்குவமும் அது விழுந்து இறுகும் தொட்டித் தண்ணீரின் சூடும்தான் எல்லாமே. வேறு கம்பெனிகள் எவ்வளவோ முட்டி மோதியும் அது கைகூடவில்லை.

எங்கள் தலைமைப் பொறியாளரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, நான் மனசுக்குள் கறாரம்மா என்று கூப்பிடுவேனே, அவரிடம் நேரடியாகவே கேட்டேன். எங்கள் ஊரில் கழுவிக் கழுவிப் போடுகிறார்கள், விலையைக் குறைக்கக் கூடாதா என்று. அவர் மேஜையை விட்டு எழுந்து வந்தார்.

"விலைய நான் வைக்கல. வச்சிருந்தா வேற மாதிரி வச்சிருப்பேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இது கைக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல தப்பு மட்டுந்தான் பண்ணிட்டிருந்தோம். டன் டன்னா குப்பையில கொட்டினோம். அந்தத் தப்புக்கெல்லாம் யாரோ சம்பளம் கொடுத்தாங்க. சரியா வந்த பிறகு பாக்கறவங்களுக்கு அந்தக் குப்பை கண்ணுக்குத் தெரியாது."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது அக்கா. நீ சொல்வதிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

தையல்காரம்மா எப்படி இருக்கிறார்?

தம்பி


மார்ச் 4

என் தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. தையல்காரம்மா வருகிறார், போகிறார். குரல்தான் இறங்கிவிட்டது.

ஒரு விஷயம் எழுத வேண்டும். போன வாரம் தொழில் துறையிலிருந்து ஓர் அதிகாரி வீடு தேடி வந்தார். கசங்காத சட்டை, மெதுவான பேச்சு. நம் பெற்றோர் பெயரிலிருந்து நீ படித்த வகுப்பு வரை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உங்க தம்பி ஒரு தடவ நம்ம இன்ஜினியர்களோட உக்காந்து பேசினாப் போதும்மா. காகிதம் எதுவும் வேண்டாம். பேக்டரி தயாரா நிக்குது. அந்த ஒரு பக்குவந்தான் பிடிபடல."

"அது திருட்டு இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"யார்கிட்டேருந்து யார் திருடறதும்மா? அந்த நாடு முன்னுக்கு வந்தப்போ யார் யாரோட வித்தைய எடுத்துக்கிட்டு வந்துச்சு? ஏறி முடிச்ச பிறகு ஏணிய இழுத்துக்கிட்டு, இப்ப சட்டம் பேசறாங்க. உங்க வார்டுல நடுங்கறவங்ககிட்டப் போய் இத திருட்டுன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் நானே அவருக்குத் தலையாட்டியிருப்பேன். இப்போது உன் கறாரம்மா குறுக்கே வந்து நிற்கிறார். முகம் தெரியாத மனுஷி, ஆனாலும் நிற்கிறார். அந்த அம்மா தன் மேஜைக்குப் பக்கத்தில் உன்னை நம்பித்தானே விட்டிருக்கிறார்? நாடு ஆயிரம் சொல்லும். உன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப்போவது நீதான். என் தம்பியை இதில் இழுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் அத்தான் கொஞ்ச நாளாக வண்டி எடுக்கவில்லை. காலில் கொஞ்சம் வீக்கம், வேறொன்றுமில்லை. தூங்குகிறார். அதனால்தான் இந்தத் தடவை கீழே அவர் வரி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் கால் வீக்கம் வடிந்ததா? பஸ் டெப்போ டாக்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் உன் ஆஸ்பத்திரியிலேயே காட்டு.

அந்த அதிகாரியின் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். நம் மொழியில் பேசினார். அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. விஷயத்துக்கு வந்ததும் முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அறைக்கு வந்து படுத்தால் வார்டில் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

கம்பெனியில் நம் நாட்டுக்காரர் இன்னும் ஒருவர்தான் மிச்சம். பேக்கிங் பிரிவில் இருக்கிறான். ஒல்லி என்று கூப்பிடுவோம். ஊதினால் பறந்துவிடுவான், சாப்பாட்டில் மட்டும் மூன்று ஆளுக்குச் சமம். ஜூனில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறான். அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். உங்களுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பவா?

உடனே பதில் போடு.

தம்பி


ஜூன் 20

அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேலாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டான். அவனிடம் கொடுத்தனுப்ப என்ன வாங்குவது என்று தெரியாமல் எதுவும் வாங்கவில்லை.

அடுத்த வாரம் நானும் ஒரு மாநாட்டுக்காக வேறொரு நாட்டுக்குப் போகிறேன். சில நாள் வேலைதான்.

அத்தானிடம் உப்பைக் குறைக்கச் சொல். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல். தாகம் தாங்காவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் சொல்.

நீ தைரியமாக இரு.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

நீ சுகமாகத் திரும்பி வந்து சேர்ந்தாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வது யாருக்கு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நான் உன்னிடம் சொல்லவில்லை. யார் சொன்னது? டீக்கடையில் வந்தவரா?

ஆமாம், உன் அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மார்ச்சிலிருந்து எங்கள் வார்டிலேயே மெஷினில் இருக்கிறார். காற்றுப் புகுந்தால் மெஷின் கூவும். அதனால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார். "விசில் அடிச்சிட்டான், வண்டிய நிறுத்துங்க" என்று படுத்தபடியே சொல்வார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, அவர் பெயர் ஒட்டிய பில்டரை எடுத்துக்கொண்டு கழுவப் போவேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியும். தெரிந்தால் செய்துவிடுவாய். உன் அத்தானும் அதையேதான் சொன்னார். "அவன்கிட்ட மூச்சு விடாத. எனக்காக அவன் தல குனிஞ்சு நிக்க வேண்டாம்." அதனால்தான் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனா ஓடவில்லை.

நீ எதுவும் செய்யவில்லை அல்லவா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாநாடு நன்றாக நடந்தது. இங்கே வெயில் காலம் முடியப்போகிறது. ஒல்லி லீவு முடிந்து திரும்பிவிட்டான். அவன் அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டதாம்.

அத்தானை நான் கேட்டதாகச் சொல். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்.

தம்பி


டிசம்பர் 3

தம்பிக்கு ஆசிகள்.

நாங்கள் இருக்கிறோம். நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

நான் ஒரு வார்த்தை கேட்டேன். நீ வெயிலைப் பற்றி எழுதினாய். எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் இத்தனை மாதம் நானும் எழுதவில்லை.

பில்டர் பேக்டரியின் திறப்பு விழா நடந்தது. மந்திரி வந்தார். வார்டிலிருந்து என்னை மட்டும் காரில் அழைத்துப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அயல்நாட்டானிடம் இனிக் கையேந்த வேண்டியதில்லை என்று மந்திரி பேசியபோது கைதட்டல் நிற்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அதே அதிகாரி பக்கத்தில் வந்து, "உங்க குடும்பத்துக்கு நாடே கடமைப்பட்டிருக்கும்மா" என்று காதோடு சொன்னார்.

ஒரு புதுப் பில்டரை என் கையில் கொடுத்தார்கள். துளிக் கறை இல்லை. என் விரல் தானாகவே நோயாளி பெயர் ஒட்டும் இடத்தைத் தடவிப் பார்த்தது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கறாரம்மாவை நினைத்துப் பார்த்தேன். நினைத்த பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. உன்னைத் திட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், வாய் வரவில்லை. அத்தான் எதையும் கேட்கவில்லை. "புது வண்டி விடறாங்களாமே" என்றதோடு சரி. அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் எங்கள் வார்டுக்குப் புதுப் பில்டர் பெட்டிகள் வருமாம். வந்ததும் எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அத்தான் எப்படி இருக்கிறார்? பெட்டிகள் வந்தனவா? முதலில் அதை எழுது.

இங்கே என்ன நடந்தது என்றால், நம் நாட்டுப் பில்டரைக் கம்பெனி ஏதோ ஒரு சந்தையில் வாங்கி வந்து அறுத்துப் பார்த்தது. குழாயின் உள் சுவரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். எங்கள் தொட்டியின் அமைப்பால் வருவது அது. அதனால் ஒரு நன்மையும் இல்லை, எடுத்துவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அது அப்படியே அங்கேயும் இருந்தது. கறாரம்மா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நம்ம தப்பையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

ஒல்லியைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜூனில் ஊருக்குப் போனவன் அவன்தானே. பேக்கிங் பிரிவில் இருப்பவனுக்குக் கலவையின் நிறம்கூடத் தெரியாது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னையும் விசாரித்தார்கள். கறாரம்மா குறுக்கிட்டு, "இவனுக்கு நான் பொறுப்பேத்துக்கறேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். டீக்கடையில் வந்தவர்தான் மறுபடி வந்து, அத்தான் மெஷினில் இருப்பதைச் சொன்னார். மாநாடு நடந்த ஊரில், ஓட்டல் அறையில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பேசினேன். நம் இன்ஜினியர்கள் கேட்கக் கேட்கச் சொன்னேன். நல்ல பையன்கள். ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் எங்கே தவறினோம் என்று இப்போதுதான் புரிகிறது சார் என்றான். அந்த நேரத்தில் நான் திருடனைப் போல உணரவில்லை அக்கா. வாத்தியார் மாதிரி உணர்ந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அத்தானைப் பற்றி எழுது.

தம்பி


மார்ச் 22

தம்பி,

நீ திடமாக இருக்கும்போது இதைப் படி.

உன் அத்தான் போய்விட்டார். பிப்ரவரி கடைசியில். மெஷினில் போட்டதும் குளிர் வந்தது, காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். பழைய பில்டர்தான். நான்தான் கழுவினேன். ஒழுங்காகத்தான் கழுவினேன். எத்தனையோ பேருக்குக் கழுவுகிற மாதிரிதான் கழுவினேன். கடைசியாக அவர் சிரிப்பாக எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அளக்காமல் கொடுத்தேன்.

பெட்டி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"முதல்ல ஏற்றுமதிம்மா. அவங்க விக்கற ஊர்லயெல்லாம் நாம பாதி விலைக்குக் கொடுக்கறோம். இப்பப் பிடிச்சாத்தான் சந்தை. நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த வருஷம் ஒதுக்கீடு வந்துடும்."

"எங்க வார்டுல நடுங்கறவங்கள வச்சுத்தானே சார் அன்னிக்கு எங்கிட்டப் பேசினீங்க?"

"அது அப்பவும் உண்மை, இப்பவும் உண்மை. ஆனா ஒரு வார்டு இல்லம்மா, நாடு."

எழுந்து வந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகின்றன. பெட்டி மேல் பில்டர் படம் போட்டிருக்கிறது. தையல்காரம்மாகூடப் பார்த்து, "நம்ம குழா போகுது பாருங்க சிஸ்டர்" என்கிறார்.

உன்னை நான் பழிக்கவில்லை. அவருக்காகச் செய்தாய். அவர் வேண்டாம் என்றார், நான் மறைத்தேன், அவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கே ஆரம்பித்து யாரைக் குறை சொல்வது? ஆனால் ஒல்லியை மட்டும் என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. அவனுக்கு இதில் யாரும் இல்லை. மெஷினில் படுத்த அத்தானும் இல்லை, கைதட்டிய கூட்டமும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிற அந்த அம்மா தபாலுக்குக் காத்திருப்பார். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை. எனக்கு இன்னொரு ஆளை இழக்கத் தெம்பு இல்லை. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டாயா?

அக்கா


மே 8

அக்கா,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பல நாள் ஒன்றும் செய்யவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். அத்தான் இல்லை என்பது படியிறங்கும்போதோ பஸ்ஸில் ஏறும்போதோதான் உறைக்கும். இங்கே பஸ் டிரைவர்கள் யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கறாரம்மா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் பாதியை மூடப்போகிறார்கள். ஆட்களை நிறுத்தும் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறதாம். "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தானைப் பற்றியும் சொன்னேன், காரணம் காட்டத்தான். சொல்லும்போதே அது காரணமாகாது என்று தெரிந்தது.

குழாயை மூடினார். கையைத் துடைத்தார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

துடைத்த துணியை மடித்து வைத்தார். "தெரியல. ஆனா உங்க அத்தானுக்கு ஒரு பெட்டி பில்டர நானே வாங்கி அனுப்பியிருப்பேன். அதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க வராது."

எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. நாடு, நியாயம், திருட்டு என்று அவ்வளவு யோசித்தேன். ஒரு பெட்டி கேட்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். "வா. உன்னத் தனியா விட்டா நீ பாதி வழியில இறங்கிடுவ." போலீஸ் நிலையம் வரை அவரே ஓட்டிவந்தார். வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும் வரை காரை எடுக்கவில்லை.

இதை எழுதக் காகிதம் கொடுத்தார்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


ஜூலை 19

என் தம்பிக்கு,

உனக்கு முன்னால் இதை வேறு யாரோ பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும். குளிர் தொடங்குவதற்குள் உனக்குக் கம்பளி கொடுப்பார்களா? கேட்டு வாங்கிக்கொள்.

அதிகாரி ஒரு தடவை வந்தார். நீ பணத்துக்காகத் தனியாகச் செய்தாய், அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். என்னை டயாலிசிஸ் வார்டிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். தையல்காரம்மாவை இப்போது யார் மெஷினில் போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

நேற்று கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒல்லியின் அம்மா. விலாசத்தை யாரிடமோ கேட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"எம் பையன விட்டுட்டாங்க. வெள்ளிக்கெழம வர்றான். உங்க தம்பி போய்ச் சொன்னதாலதான்னு சொன்னாங்க."

கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"அவன் அஞ்சு மாசம் உள்ள இருந்ததும் உங்க தம்பியாலதான். நான் ஒங்களுக்கு நன்றி சொல்ல வரல. திட்டவும் வரல. எதுக்கு வந்தேன்னே தெரியல."

"பரவால்லம்மா" என்றேன்.

திரும்பி இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்று கேட்டார்.

"உங்க தம்பி எப்ப வருவான்?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமலே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருட்டும் வரை இருந்தார்.

அக்கா